பட்டறைக்காரன் காப்பி

பட்டம் பிடித்துக் கடல்மேல் சறுக்க வந்த ஒருவன்
ஸ்கூட்டர் ரிப்பேருக்குக் காசு குறைகிறதென்று
துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.
கண்ணாடிக் குவளை, நடுவில் ஒரு கம்பி,
கம்பி நுனியில் சல்லடை.
பார்த்ததும் சிரித்துவிட்டேன்:
பிஸ்டன்.
டீசல் இல்லை, புகை இல்லை,
மேலிருந்து கீழே ஒரே ஒரு அடி.
முப்பது வருஷமாக மண்டபம் ஜெட்டியில்
நான் கழற்றி மாட்டுவதன் குழந்தைப் பருவம்.

ராமநாதபுரம் கடையில் சிக்கரி சேர்த்து
சந்தனமாய் அரைத்த தூள்.
அதுதான் வீட்டில் இருந்தது, அதைத்தான் போட்டேன்.
பாதியில் நின்றது கம்பி.
இறுகின எதையும் நான் விட்டதில்லை.
தோளைக் கொடுத்து அமுக்கினேன்.
கண்ணாடி என் பக்கமாக வெடித்தது.

இரவு டூட்டி முடிந்து வந்த எமல்டா
செருப்பைக்கூடக் கழற்றாமல்
என் மணிக்கட்டில் தண்ணீர் ஊற்றினாள்,
இருபது நிமிஷம், நல்ல தண்ணீர்,
குடம் பதினைந்து ரூபாய் விற்கிற நாளில்.
"ஆஸ்பத்திரியில பத்துப் பேரு, வீட்டுல ஒருத்தரு"
என்று துணி சுற்றினாள்.

கொப்புளம் ஆறுவதற்குள்
எவர்சில்வர் குழாயில் ஒரு துண்டு அறுத்தேன்.
அடி வைத்துப் பற்றவைத்தேன், விளிம்பை மழித்தேன்.
சல்லடை உட்சுவரைத் தொடணும், கடிக்கக் கூடாது.
பம்புக்குப் பார்க்கிற அதே அளவு.
தூளை ரவைப் பதத்தில் நிறுத்தச் சொன்னால்
"இது காப்பிக்கா, உப்புமாவுக்கா?" என்றார் கடைக்காரர்.
விசைப்படகு நைனாமுகமது ஒரு வாய் குடித்துவிட்டு
"பால் எப்ப வரும்?" என்று கேட்டுக் காத்திருந்தார்.

இப்போது உள்ளே நடப்பது தெரியாது.
தூள் நுரைத்து எழுவதும் மெல்ல அமிழ்வதும்
உலோகத்துக்குள்.
நாலு நிமிஷம் என்று விரல் காட்டியிருந்தான் பட்டக்காரன்.
கடிகாரம் பார்ப்பதில்லை.
ஏழே காலுக்குக் கொல்லைக் கதவு.
வெந்நீரை ஊற்றுகிறேன்.
கொண்டை ஊசிகள் சோப்புப் பெட்டிமேல் விழும்,
ஒன்று, இரண்டு, ஐந்து.
வாளிக்குள் குழாய்.
காலுக்கு ஒரு செம்பு, முகத்துக்கு இரண்டு.
துண்டை உதறும் சத்தம்.
அங்கே தொடங்குவேன்,
கையின் கனத்தை மட்டும் கொடுத்து.
இறங்க மறுத்தால் ஒரு விரல் உயர்த்தி, மறுபடி.
தோளுக்கு இதில் வேலை இல்லையென்று
வெந்த கைக்குத் தெரியும்.

குடித்த பிறகு கழுவுவது.
மண்டியைச் சாக்கடையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும்,
முருங்கைக்கடியில் போடுவேன்.
திருகைக் கழற்றினால் மூன்று துண்டு:
ஓட்டைத் தட்டு, சல்லடை, சுருள் சுற்றிய வட்டு.
நடுவில் ஒளிந்த எண்ணெய்ப் பிசுக்கை
நாலு நாள் விட்டால் அடுத்த காப்பியில்
மத்திமீன் வாடை.
அதற்குச் சோடா உப்பும் பழைய பல் பிரஷ்ஷும்.
போர்த் தண்ணீர் விட்ட வெள்ளைப் பொறுக்குக்குப் புளி.
ஈரத்தோடு வைத்தால்
வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்,
இரண்டு காற்றும் சேர்ந்து சுருளைத் தின்றுவிடும்.
துடைத்துத் தனித்தனி ஆணியில் மாட்டுகிறேன்.
என் ஸ்பேனர்களுக்குக் கிடைக்காத உபசாரம்.

போன செவ்வாய்க்கிழமை
ஊசி விழவில்லை.
குழாய் திறந்தது, திறந்தபடியே ஓடியது.
நாலு நிமிஷம் போனது, பத்தும் போயிருக்கும்.
உள்ளே காப்பி கசந்துகொண்டிருந்தது.
கை கம்பிமேலேயே இருந்தது,
அமுக்கவில்லை.

கொண்டை கலையாமல் வந்து உட்கார்ந்தாள்.
"பொம்பளப் பிள்ள. ரெண்டு கிலோகூட இல்ல" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"மதுரைக்கு அனுப்பியிருக்கோம்."

அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.
கசந்ததை நான் குடித்தேன்.